துவைக்கிற கல்லும் பதினைந்து கோடி வருஷமும்

நம் அலுவலகப் படிவத்தில் 'கிடைத்த இடம்' என்ற கட்டம் இன்னும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். என்னைத் தலைகுப்புறக் கவிழ்த்த கட்டம் அது. அதை இத்தனை வருஷம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு என் நன்றி.

கல்லாகிப்போன செடிகொடிகளைப் பார்த்தே காலம் தள்ளுவது என்று முடிவெடுத்து இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை போலிருக்கிறது. உங்களுக்கு என் சாதனைகளை எழுதித் தரும்படி கேட்டார்கள். அது இரண்டு வரியில் தீர்ந்துவிடும். மீதிப் பக்கங்களை நிரப்ப என்னிடம் ஒரு தவறு இருக்கிறது. நல்ல தடிமனான தவறு, இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். போகும்போது நாற்காலிகளையும் அவற்றில் சாய்ந்து உட்காரும் தோரணையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் மேலதிகாரிக்கு இரண்டும் கிடைத்தன. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு கல்லைக் காட்டினால் அதற்குப் பின்னால் ஒரு திறப்பு விழா தெரியும், அவ்வளவுதான்.

சைகஸ் என்ற செடியைப் பார்த்திருப்பீர்கள். பங்களா வாசலில் தொட்டியில் வைப்பார்கள். பனை போலத் தெரியும், பனை அல்ல. இதில் ஒரு வகையின் ஆண் கூம்பைத்தான் நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று பொட்டலம் கட்டித் தருவார்கள். வாங்குகிறவர்கள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்குவார்கள். டைனோசர்கள் திரிந்த காலத்தில் இந்தச் செடியும் இதன் பங்காளிகளும் காடு காடாக நின்றன. இலை உதிர்ந்தாலும் அதன் அடிக்கட்டை தண்டிலேயே தங்கிவிடும். அதனால் தண்டு முழுக்கச் சாய்சதுரக் கட்டங்களாக, அன்னாசிப் பழத்தின் தோல் மாதிரி இருக்கும். அது கல்லாகிக் கிடைத்தாலும் கட்டங்கள் அப்படியே நிற்கும். கடும் உறைபனி விழுகிற இடத்தில் இந்தக் குடும்பம் பிழைக்காது. ஆகவே ஒரு கல் தண்டு கையில் கிடைத்தால், அது வளர்ந்த இடத்தில் அந்தக் காலத்தில் குளிர் கொல்லவில்லை, வெயில் அடித்தது என்று தைரியமாகச் சொல்லலாம். 'வளர்ந்த இடத்தில்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை.

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கற்களில் இந்தக் கூட்டத்தின் இலை அச்சுகள் ஏற்கெனவே கிடைத்திருந்தன. நல்ல தண்டு ஒன்று கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பிறந்தவன் நான்தான் என்று எனக்குள் ஒரு எண்ணம். யாரும் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்டது.

ஒரு நாள் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அலுவலகத்துக்கு நுண்நோக்கி ஒன்று பெட்டியில் வந்திருந்தது. அதை விடுவிக்க வேண்டிய குமாஸ்தா, சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். துறைமுகத்தில் அந்த வாக்கியத்துக்கு மூன்று மணி நேரம் என்று பொருள். காலாற நடந்து ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் ஒரு சந்துக்குள் நுழைந்தேன். எட்டு வீடுகள். கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண்மணி, நாற்பது வயது இருக்கும், நிலக்கரிக் கறை படிந்த காக்கிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். பெயர் செசிலி. கணவர் துறைமுகத்தில் நீராவி கிரேனுக்குக் கரி போடுபவர். செசிலியின் சட்டை அடிக்கும் கல் முழுக்கச் சாய்சதுரக் கட்டங்கள்.

என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்றும் நினைத்துப் பார்க்க முடிகிறது. பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படி அடிக்கவில்லை. இந்தக் கல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"இங்கதான் சார் கீது. இது கப்பல் கல்லு. என் மாமனாரோட அப்பாரு கொண்ணாந்து போட்டது" என்றார் செசிலி.

'இங்கதான்' என்ற வார்த்தை வரைக்கும் என் காது வேலை செய்தது. பிறகு மூடிக்கொண்டது. கப்பலில் வந்த கல் என்று இன்னும் இரண்டு முறை சொன்னார். துறைமுகத்துக்காரர் வீட்டில் அம்மிக் குழவியைக்கூடக் கப்பலில் வந்தது என்றுதான் சொல்வார்கள் என்று நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். படிவத்தை எடுத்தேன். கிடைத்த இடம்: ராயபுரம். எவ்வளவு எளிது பாருங்கள்.

அரசாங்க வேலைக்கு வேண்டும், இரண்டே வாரத்தில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். தலையாட்டிவிட்டு, அதுவரைக்கும் சட்டையை எதில் அடிப்பது என்று செசிலி கேட்டார். நான் கைவண்டியைத் தள்ளச் சொன்னேன்.

அலுவலகத்தில் கல்லை இரண்டாக அறுத்தோம். அறுக்கும்போது தண்ணீரோடு நுரை வந்தது. இயந்திரத்தின் எண்ணெய் என்று நினைத்தேன். ஒரு பக்கத்தில் கட்டங்கள் மழமழவென்று தேய்ந்திருந்தன. பழங்கால நதி ஒன்று உருட்டித் தேய்த்திருக்கிறது என்று எழுதினேன். அது எந்தத் திசையில் ஓடியிருக்கும் என்றும் எழுதினேன். உள்ளே கட்டையில் இரண்டு வளையம் தெரிந்தது. வளையத்துக்கு ஒரு வருஷம், ஆகவே செடிக்கு இரண்டு வயது. ஒன்று அகலம், ஒன்று குறுகல். ஆகவே ஒரு வருஷம் நல்ல மழை, மறு வருஷம் வறட்சி. ஒரு துவைக்கிற கல்லிலிருந்து ஒரு நாட்டின் பருவமழையையே கறந்துவிட்டேன்.

கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மையாரிடம் மேலதிகாரி இதைப் பெருமையாகக் காட்டினார். அவர் பொறுமையாகப் படித்தார். இந்தச் செடிகள் ஆமை வேகத்தில் வளர்கிறவை. இத்தனை தடிமன் இரண்டு வருஷத்தில் வர வேண்டுமானால் அது முருங்கையாக இருக்க வேண்டும் என்றார். இந்தக் குடும்பத்தில் வளையம் வருஷக் கணக்குச் சொல்லாது, மற்ற மரங்களைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்த்திருக்கிறீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். புறப்படும்போது, "இது தண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இது இந்த ஊர்த் தண்டுதானா என்று இன்னொரு முறை விசாரித்துவிடுங்கள்" என்றார்.

விசாரித்தேனா? இல்லை. வளையத்தை அடித்துவிட்டேன், நதியை வைத்துக்கொண்டேன். ஒரு தவறு பிடிபட்டுத் திருத்திவிட்டால் மீதி எல்லாம் சரி என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி வரும்போது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து முதல் வரியிலிருந்து படியுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மேலதிகாரி என் அறிக்கையை வாங்கிக்கொண்டு தன் பங்குக்கு அதை வளர்த்தார். நான் 'தண்டு' என்று எழுதிய இடத்தில் 'தண்டுகள்' ஆயிற்று. பிறகு 'படுகை' ஆயிற்று. ராயபுரம் கரைக்கு அடியில் பதினைந்து கோடி வருஷத்துக்கு முந்தைய காடு புதைந்திருக்கிறது. அதைத் தோண்டித் திறந்து, வேலி போட்டு, நடுவில் நடைபாதை விட்டு, மந்திரி ஒருவரைக் கூப்பிட்டு நாடா வெட்ட வேண்டும். குறுக்கே இருப்பது எட்டு வீடுகள்தானே. இதற்கு நடுவில் என்னை லண்டனுக்கு மேல்படிப்புக்கு அனுப்பச் சிபாரிசு செய்திருப்பதாகவும் சொன்னார். அன்று மாலையே மௌண்ட் ரோட்டில் ஒரு தையற்கடைக்குப் போய்க் கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். சித்திரை வெயிலில் கம்பளி வாங்க வந்தவனைத் தையற்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

மூன்றாவது மாதம் செசிலி அலுவலக வாசலுக்கு வந்தார். கல்லைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, மறைந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அவர் கையில் தாலுகா அலுவலகத்து நோட்டீஸ் இருந்தது. நாற்பது நாளுக்குள் எட்டு வீடும் காலி செய்ய வேண்டும். மாற்று இடம் வடக்கே வெகு தூரம் தள்ளி, சடையங்குப்பம் பக்கத்தில்.

"ஆறு மணி சங்குக்கு என் வூட்டுக்காரரு கிரேனாண்ட நிக்கணும் சார். அங்கேர்ந்து நட்ந்து வரணும்னா முந்தின நாளே கெளம்பணும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மய வந்தா அங்க வூட்டுக்குள்ளயே மீன் புடிக்கலாம். அது ஒண்ணுதான் வசதி. கல்லு கேட்டீங்க, குட்த்தேன். இப்ப வூட்டக் கேக்கறீங்க. கல்ல குட்த்தது தப்பா சார்?"

நான் அவருக்குச் சொன்ன பதில்: இது மேலிடத்து முடிவு. இந்த வாக்கியத்தை நீங்களும் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். நாக்குக்கு எந்தச் சிரமமும் தராது. அவர் நோட்டீஸை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் எதற்கு வெட்கம் என்று யோசித்துப் பார்க்கும் தைரியம் வரவில்லை. கோட்டை வாங்கிவர வேண்டிய நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

வீடுகளை எடுப்பதற்கு முன்னால் சோதனைக் குழி ஒன்று வெட்டிப் பார்த்து, அதைத் தாசில்தார் நேரில் கண்டு எழுத வேண்டும் என்று ஒரு விதி. மேலதிகாரிக்கு அது வெறும் சடங்கு. ஒரு காலை நேரம், செசிலியின் வாசலில், கல் இருந்த இடத்திலேயே குழி வெட்டினார்கள். வெட்டுவதற்கு இரண்டு ஆள். தாசில்தார் ஒரு நாற்காலியில் மடியில் காகித அட்டையோடு. மேலதிகாரி வெள்ளைக் கால்சட்டையில். எட்டு வீட்டுச் சனமும் சுவரோரம். கரி வேலைக்குப் போகாமல் செசிலியின் கணவரும் நின்றிருந்தார்.

முழங்கால் ஆழம் வரைக்கும் மணல். அதற்குக் கீழே மண்வெட்டி ணங்கென்றது. கல். ஒன்றல்ல, ஒரு அடுக்கு. வெளுத்த சுண்ணாம்புக் கற்கள், உள்ளே சிப்பி அச்சுகள். மேலதிகாரி என் தோளில் தட்டினார். படுகை என்றார். கூச்சப்படாமல் சொல்கிறேன், எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பத்து நிமிஷம் நான் எழுதியது அத்தனையும் உண்மை. என் வாழ்க்கையிலேயே மிகவும் சந்தோஷமான பத்து நிமிஷம் அதுதான் என்று சந்தேகிக்கிறேன். சுவரோரம் நின்றவர்களின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை.

தாசில்தாருக்கு விளங்க வேண்டும் என்று மேலதிகாரி என் அறிக்கையை உரக்கப் படித்து, வரிக்கு வரி எளிமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த இடத்தில் அந்தக் காலத்தில் நல்ல வெயில், சரி. சைகஸ் காடு, சரி. தண்டின் ஒரு பக்கம் மழமழப்பாகத் தேய்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்தைத் தேய்த்தது பல்லாயிரம் வருஷம் இங்கே ஓடிய ஒரு பெரிய நதி.

"நதி இல்ல சார்" என்றார் செசிலி. "நான்தான்."

சந்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். மேலதிகாரியும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தார். செசிலி சிரிக்கவில்லை. அவருடைய மாமியார் தேய்த்தார், அதற்கு முன்னால் மாமியாரின் மாமியார் தேய்த்தார், அந்தப் பக்கம்தான் சவுக்காரம் போட்டுத் தேய்க்கிற பக்கம் என்று தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அறுவை இயந்திரத்தில் வந்த நுரை ஞாபகம் வந்தது.

அப்போது குழியில் ஒருவன் ஒரு பெரிய கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினான். அதன் அடியில், மணலில் பாதி புதைந்து, ஒரு பாட்டில் இருந்தது. கறுப்பும் பச்சையுமான தடித்த கண்ணாடி, குட்டைக் கழுத்து. வெள்ளைக்காரன் கப்பலில் சாராயம் வருமே, அந்த மாதிரிப் பாட்டில். உடையவில்லை. பதினைந்து கோடி வருஷத்துக் காட்டுக்கு அடியில் யாரோ குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேலதிகாரி குழியை எட்டிப் பார்த்தார். ஒரு நொடிதான். குரல் மாறாமல், மேலேயிருந்து சரிந்து விழுந்திருக்கும், எடுத்து வெளியே போடு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது கல்லுக்கு அடியில் இருந்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

நல்ல கேள்வி. எவ்வளவு மரியாதையான கேள்வி பாருங்கள். பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. கவனிக்கவில்லை சார் என்றால் போதும். குழியில் நின்றவனுக்கு அது வெறும் பாட்டில். தாசில்தார் அந்த நேரம் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார். கவனிக்காமல் இருப்பது குற்றமில்லை. மூன்று மாதமாக நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே வளைய விஷயத்தில் ஒரு முறை மானம் போயிற்று. இன்னொரு முறை போனால் லண்டன் போய்விடும். கோட்டு தைத்து வந்து அலமாரியில் தொங்குகிறது. அதற்கு மேல் நிறைய யோசித்தேன் என்று சொன்னால் அது பிற்பாடு சேர்த்த அலங்காரம். உண்மையில் நான் செசிலியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. தன் வீட்டு நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"பார்த்தேன் சார்" என்றேன். "பாட்டில் மேலே கல் இருந்தது."

நான் செசிலியிடம் போய், மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். கப்பல் கல் என்றால் என்ன அம்மா?

அவர் சொன்னதை அப்படியே சுருக்கித் தருகிறேன். இங்கே துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். சரக்கு குறைவாக வரும் பாய்க்கப்பல் ஆடாமல் நிற்க அடியில் கல் போட்டுக்கொண்டு வருவார்கள். இங்கே சரக்கு ஏற்றும்போது அந்தக் கல்லை எடுத்து வீச வேண்டும். படகுக்காரர்கள் அதை வீச விடாமல் கேட்டு வாங்கி வருவார்கள். கரையில் கடல் ஏறிக்கொண்டே இருந்தது. ஆகவே வீடு கட்டுமுன் கப்பல் கல்லைக் கொட்டித் தரையை உயர்த்திக்கொள்வது ராயபுரத்துப் படகுக்காரர்களின் வழக்கம். அந்தச் சந்தில் எட்டு வீடும் நிற்பது சீமைக் கல்லின் மேல். அழகாக இருந்த ஒரு கல்லை மட்டும் புதைக்க மனம் வராமல் வாசலில் போட்டார் மாமனாரின் அப்பா.

"அன்னிக்கே மூணு தபா சொன்னேன் நைனா" என்றார். 'சார்' போய்விட்டது. "நீதான் எய்திகினே இருந்த."

தாசில்தார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, இப்போது நான் என்ன எழுதட்டும் என்று பொதுவாகக் கேட்டார். மேலதிகாரி, அலுவலகம் போய் யோசித்துப் பதில் அனுப்புவதாகச் சொன்னார். அலுவலகம் போய் யோசித்தால் பாட்டில் காணாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தாசில்தாரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். செசிலியின் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து எழுதினேன். இந்தக் கற்கள் இந்த மண்ணில் உண்டானவை அல்ல. கப்பலில் வந்து மனிதர்கள் கொட்டியவை. இங்கே படுகை எதுவும் இல்லை. என் அறிக்கை தவறு. கீழே கையெழுத்து. அதிகாரியின் அனுமதி இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் அது, என் சர்வீஸிலேயே மிகச் சிறியதும் அதுதான். தாசில்தார் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு, குழியை மூடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சந்தில் யாரும் எனக்கு மாலை போடவில்லை. குழியை மூட ஆள் போதவில்லை என்று என் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் ஊகிப்பதுதான். லண்டனுக்கு இன்னொருவர் போனார், நல்லவர், போய் நன்றாகப் படித்தார். நான் மூன்று வருஷம் கிடங்கில் உட்கார்ந்து பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன். கம்பளிக் கோட்டுக்கு அந்துருண்டை வாங்கிப் போட்டேன். அந்துப்பூச்சிகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கிடங்கில் நேரம் நிறைய இருந்ததால் கல்லின் ஒரு சில்லைப் பொட்டலம் கட்டி, சீமையில் இதே ஆராய்ச்சி செய்யும் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் கல் உடைக்கும் இடங்களில் இம்மாதிரித் தண்டுகள் கிடைக்கின்றனவாம். இதுவும் அந்தப் பக்கத்ததாகவே தோன்றுகிறது என்று எழுதியிருந்தார். அங்கே கல் உடைக்கிறவர்கள் இதைக் காக்கைக் கூடு என்பார்களாம். இப்போது பனி கொட்டுகிற ஊரில் ஒரு காலத்தில் வெயில் காய்ந்தது, மழை ஒரு பருவத்தில் வந்து ஒரு பருவத்தில் நின்றுபோனது என்று அங்கே சொல்வதற்கு இந்தத் தண்டுகளும் சாட்சி.

அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ராயபுரத்தில் ஒரு காலத்தில் வெயில் அடித்தது என்று நான் கண்டுபிடித்தேன். ராயபுரத்தில் இன்றும் வெயில்தான் அடிக்கிறது, அதற்கு அறிக்கை தேவையில்லை. சீமையில் வெயில் அடித்தது என்பதுதான் அந்தக் கல் வைத்திருந்த சேதி. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் கடலில் வந்து, மூன்று தலைமுறை சவுக்காரம் பட்டுக் காத்திருந்தது. நான் அதன் வாயை அடைத்து என் ஊரைச் சொல்லவைக்கப் பார்த்தேன்.

இதற்குள் மேலதிகாரி அந்தக் கல்லைத் தன் கண்ணில் படாமல் ஒழித்துவிடச் சொல்லியிருந்தார். கைவண்டி வைத்து, ஒரு பாதியை ராயபுரத்துக்குக் கொண்டுபோனேன். செசிலி வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"முய்சாதானே எட்த்துகினு போன? பாதி கீது?"

அறுத்துவிட்டோம் என்றேன். மறு பாதி ஆபீசில் இருக்கிறது என்றேன். பிறகு, தலை குனிந்துதான், கல் வந்த ஊரைச் சொன்னேன். அங்கே ஒரு காலத்தில் நம் ஊர் மாதிரி வெயில் என்றும் சொன்னேன். அவர் அறுத்த பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். மழமழவென்று இருந்தது அவருக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பக்கத்தை மேலே வைத்துப் போடச் சொன்னார்.

"வெள்ளக்காரனுக்கும் வேர்த்துகீதுன்னு சொல்லு" என்றார். பிறகு நிமிர்ந்து, "அந்தப் பாதில இன்னான்னு எய்திகீற?" என்று கேட்டார்.

ஒன்றும் எழுதவில்லை என்றேன். உண்மைதான். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் ராயபுரத்தை அடித்துவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டு வைத்திருந்தேன்.

"ஒரு தபா சொல்றேன், எய்திக்கோ" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அவர் முதலிலிருந்து சொன்னார், நான் இந்த முறை கேட்டுவிட்டு எழுதினேன்.

அந்தப் பாதிக் கல் இப்போதும் நம் கிடங்கில் பின்வரிசையில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். படிவத்தில் இல்லாத மூன்று கட்டங்களை நான் கையால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். கிடைத்த இடம்: ராயபுரத்தில் ஒரு வீட்டு வாசல். வளர்ந்த இடம்: சீமை, தென்கரையாக இருக்கலாம். வந்த வழி: கப்பல். சொன்னவர்: செசிலி. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் நான் எழுதி, பிற்பாடு யாரும் திருத்த வேண்டியிராத சீட்டு அது ஒன்றுதான், அதுவும் நான் சொல்லி எழுதியதல்ல.